பிரெஞ்சுக் கடலோரக் கிளைப்பாதை மாடல்: துறைமுகப் பகுதிக்கு யோசனை வேண்டும்

வணக்கம். நான் செய்துவரும் ரயில் மாடல் இது: பிரான்ஸின் வடமேற்கில் உள்ள பிரிட்டனியின் வடகரையில் இருப்பதாகக் கற்பனை செய்த கிளை ரயில்பாதை ஒன்றின் கடைசி ஸ்டேஷன். காலம் 1950களின் இறுதி. ஹெச்ஓ அளவு (1:87), தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. ஓடப்போவது எக்ஸ் 3800 'பிகாஸோ' டீசல் ரயில்கார், மாடலில் சுமார் 25 செ.மீ. நீளம்.

அந்தக் கரையில் உள்ள சேன்-மாலோ துறைமுகத்தின் பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் 10 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். 10 மீட்டரே இந்த அளவில் 11.5 செ.மீ.! துறைமுகச் சுவர் அதைவிடக் குட்டையாக இருந்தால் அந்தக் கரையாகவே தெரியாது. அதனால் அங்கே மட்டும் மாடலின் அடிப்பலகையை 13 செ.மீ. தாழ்த்தியாயிற்று. நீர் வற்றிய நேரத்துச் சேற்றைக் காட்ட 2 மி.மீ. எபாக்ஸி ரெசின் (ஊற்றியபின் கண்ணாடி போல் இறுகும் பிசின்) ஊற்றினால், அது கற்சுவரோரம் மேலேறிப் பளபளவென்று ஒரு கோடாக உறைகிறது. இதை எப்படித் தடுப்பது? ரெசினை விட்டுவிட்டு பளபளப்பான (gloss) வார்னிஷைப் பல பூச்சாக அடித்தால் ஈரச் சேறு போலவே வருமா?

இன்னொன்று, துறைமுகத் தெருவில் புதைந்த தண்டவாளம். பிளாஸ்டரைத் தண்டவாளத்தின் மேல்பரப்புக்கு 0.5 மி.மீ. கீழே நிறுத்தி, சக்கர விளிம்புக்கு 1.5 மி.மீ. பள்ளம் விட்டும், பிளாஸ்டரைத் தேய்த்த தூள் தண்டவாளத்தில் படிந்து, சக்கரங்கள் வழியாக ரயிலுக்குப் போகும் மின்தொடர்பு அறுகிறது. பிளாஸ்டருக்குப் பதில் ஏர் டிரை களிமண் (சுடாமல் காற்றிலேயே உலர்ந்து இறுகுவது) பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்: உலரும்போது சுருங்கி விரிசல் விடுகிறதா?