பாட்டி வீட்டு மாமரத்தின் ஒட்டுக்குச்சிகள் கறுத்துப்போகின்றன: ஐப்பசிக்குள் காப்பாற்ற வழி உண்டா?

கேள்வி: மேற்கு மாம்பலத்திலிருந்து, ஆடி முதல் வாரம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பாட்டி வீட்டுக் கொல்லையில் அறுபது வயதைக் கடந்த மாமரம் ஒன்று நிற்கிறது. பழுத்த பிறகும் தோல் கரும்பச்சையாகவே இருக்கும்; உள்ளே நாரில்லாத மஞ்சள் சதை, மெலிந்த கொட்டை. வீட்டில் அதை ‘வெல்லக்கட்டி’ என்று அழைத்து வந்தோம். இதே பழத்தை எந்தக் கடையிலும் நான் கண்டதில்லை. அடுக்குமாடிக் கட்டடத்துக்காக வீடு கைமாறுகிறது. ஐப்பசி முடிவில் மரம் வெட்டப்படும். அதன் கொட்டையிலிருந்து தாத்தா வளர்த்த கன்று வேறு ருசியில் காய்த்ததால், இந்த மரத்தின் குச்சியை வேறொரு மாங்கன்றோடு சேர்த்து ஒட்டுக் கட்டுவது ஒன்றே வழி என்று இறங்கினேன்.

சித்திரைக் கடைசியில் 14 குச்சிகளை வெட்டி, இமாச்சலத்தில் பழைய ஆப்பிள் வகைகளைச் சேகரிப்பவர்கள் செய்யும் முறைப்படி ஈரத்துணியில் சுற்றி, குளிர்சாதனப் பெட்டியில் மூன்று வாரம் வைத்திருந்து, பிறகு ஓராண்டு வயதுள்ள நீலம் வகை மாங்கன்றுகளில், அடியை ஆப்புபோலச் சீவிப் பிளவில் செருகும் ஆப்பு ஒட்டாகக் கட்டி மொட்டை மாடியில் வைத்தேன். 12 குச்சிகள் கறுத்துவிட்டன. இரண்டு மட்டும் துளிர்த்து, விரற்கடை நீளம் வளர்ந்து, ஒரே நாளில் வாடித் தொங்கின. எங்கே தவறினேன் என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி: மாதவரத்திலிருந்து, நாற்றங்கால் வைத்திருப்பவர்

சகோதரி, உங்கள் கை வேலையில் குறை இருந்திருக்கலாம். ஆனால் முதல் தவறு குளிர்சாதனப் பெட்டியில்தான் நடந்திருக்கிறது. ஆப்பிள் இலையுதிர்க்கும் மரம். குளிர்காலத்தில் அது உறங்கும்போது வெட்டிய குச்சியை ஈரம் காயாமல் குளிரில் வைத்தால், இரண்டு மூன்று மாதம் கழித்தும் உயிரோடு இருக்கும். மா என்றும் பசுமையான மரம்; அதற்கு அப்படியோர் உறக்கம் கிடையாது. பெட்டிக்குள் இருக்கும் நான்கைந்து டிகிரிக் குளிரில் மாங்குச்சியின் பட்டை உள்ளுக்குள்ளேயே பழுத்துக் கறுக்கும். வெட்டிய அன்றே கட்டுவது உத்தமம். தவிர்க்க முடியாவிட்டால், ஈரச் செய்தித்தாளில் சுற்றி நிழலான இடத்தில் மூன்று நான்கு நாள் வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

துளிர்த்து வாடிய இரண்டைப் பற்றி: குச்சி தன்னுள் சேமித்திருந்த உணவைக் கொண்டே துளிர்விடும், அதனால் துளிர் வந்தது என்பதற்காக ஒட்டுப் பிடித்தது என்று பொருளில்லை. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வழவழப்பாக ஒரு பச்சைப் படலம் இருக்கிறதல்லவா, அது இரண்டு பக்கமும் தொட்டுக்கொண்டால்தான் ஒட்டுப் பிடிக்கும். கன்று பருத்தும் குச்சி மெலிந்தும் இருந்தால் குச்சியை நடுவில் செருகாமல், ஒரு விளிம்போடு விளிம்பு சேரும்படி ஓரமாகச் செருக வேண்டும். பலரும் அழகுக்காக நடுவில் வைத்துவிடுகிறார்கள். வைகாசி வெயிலில் மொட்டை மாடியும் தன் பங்குக்குக் கெடுத்திருக்கும்.

இப்போது மரத்திலேயே குச்சியைத் தயார் செய்யுங்கள். வெயில் படும் வெளிப்பக்கத்தில், பூக்காத, பென்சில் பருமனுள்ள, மூன்று நான்கு மாத வயதுடைய நுனிக்கொம்புகளைப் பார்த்து நூல் கட்டி அடையாளம் வையுங்கள். இலைப்பரப்பை மட்டும் நறுக்கிவிட்டு, காம்பை அரை அங்குலம் விட்டுவிடுங்கள். ஏழு முதல் பத்து நாளில் நுனிமொட்டு நெல்மணிபோலப் புடைக்கும். காம்பு விரல் பட்டாலே உதிரும். அன்று காலையில் வெட்டி அன்றே கட்டுங்கள். வெட்டுவாயில் வடியும் பாலைத் துடைத்துவிடுங்கள். அது தோலில் பட்டால் புண்ணாகும்.

கறுத்த குச்சிகளுக்குக் கீழே கன்றுகள் பச்சையாக இருந்தால் அவற்றையே தாழ்த்தி வெட்டி மறுபடியும் பயன்படுத்தலாம். குச்சியின் அடியை ஒன்றரை அங்குல ஆப்பாகச் சீவி, அதே ஆழத்துக்குக் கன்றைப் பிளந்து செருகி, பாலித்தீன் நாடாவால் கீழிருந்து மேலாக இறுக்கிச் சுற்றுங்கள். மேலே குச்சி ஐஸ் விற்கும் மெல்லிய உறையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கட்டி, பசுமை வலைக்கு அடியில் வையுங்கள். நேர் வெயிலில் அந்த உறை அடுப்பாகிவிடும்.

மறுமொழி: திருவள்ளூரிலிருந்து

இன்னொரு வழியும் இருக்கிறது. நீலம் கொட்டைகள் இப்போது ஏராளமாகக் கிடைக்கும். இன்றே மணலில் ஊன்றினால், முளைத்துச் செம்பு நிற இலையோடு நிற்கும் பத்துப் பதினைந்து நாள் பிஞ்சுக் கன்றிலேயே ஒட்டலாம். கொங்கண் பக்கத்தில் பெருமளவில் இப்படித்தான் செய்கிறார்கள். அறுபது எழுபது கன்றுகளைச் செலவில்லாமல் உருவாக்கலாம்.

மறுமொழி: மாதவரத்திலிருந்து

ஐயா சொல்வது சரியான முறைதான், கொங்கணின் ஈரக்காற்றுக்கு அது பொருந்துகிறது. சென்னையில் பிஞ்சுத் தண்டு ஒரு நாள் வெயிலில் சுருண்டுவிடும், அடைமழையில் அடி அழுகிவிடும். கை பழகியவர் முயலலாம். திரும்ப வாய்ப்பில்லாத ஒரு மரத்தை இதை மட்டும் நம்பி விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. அதைவிட, ஐப்பசி வரை மரம் நிற்கும் என்பதால், நான்கு தொட்டிக் கன்றுகளைத் தாழ்ந்த கிளைகளோடு சேர்த்து நெருக்கு ஒட்டாகவும் கட்டி வையுங்கள். கிளையை மரத்திலிருந்து பிரிக்காமலேயே இரண்டையும் சீவிச் சேர்ப்பதால் குச்சி பட்டினி கிடப்பதில்லை. இரண்டிலிருந்து மூன்று மாதம் பிடிக்கும். தொட்டிக்குத் தினமும் தண்ணீர் விட வேண்டும் என்பதுதான் பாடு.

மறுமொழி: அம்பத்தூரிலிருந்து

நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் காலாப்பாடு என்ற மா வகையாகவும் இருக்கக்கூடும். காலாப்பாடு காய்க்கும் காலத்தில் பழத்தையும் இலையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டுப் பெயரை முடிவு செய்யுங்கள். எதுவாக இருந்தாலும் கன்றுகளை ஒரே மாடியில் வைக்காதீர்கள். இரண்டு மூன்று வீடுகளுக்குக் கொடுங்கள். சொந்தத்தில் யாரிடமாவது காய்க்கும் மாமரம் இருந்தால் அதன் ஒரு கிளையிலும் ஒட்டி வைக்கலாம். 2008ஆம் ஆண்டு பத்மஸ்ரீ பெற்ற கலீமுல்லா கான், உத்தரப் பிரதேசத்து மலீஹாபாத்தில் ஒரே மரத்தில் 300க்கும் மேற்பட்ட வகைகளை ஒட்டி வளர்த்திருக்கிறார். வளர்ந்த மரத்தில் ஏறிய குச்சி, தொட்டிக் கன்றைவிட விரைவில் காய்க்கும். ருசியை நாக்கிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்: புரட்டாசி இரண்டாம் வாரம்

அனைவருக்கும் நன்றி. பழைய கன்றுகளில் 11 உயிரோடு இருந்தன. இன்னும் 9 வாங்கினேன். ஆவணி முதல் வாரத்தில் காம்புகள் தாமாக உதிர்ந்த மறுநாள், விடியற்காலையில் வெட்டி, ஒன்பது மணிக்குள் இருபதையும் கட்டிவிட்டேன். இன்று 13இல் செந்துளிர் விரிந்து இலை நிமிர்ந்து நிற்கிறது. உறைகளை மாலை வேளையில் கழற்றினேன். சித்தப்பாவின் குரோம்பேட்டை வீட்டு பங்கனப்பள்ளியில் வைத்த மூன்றில் இரண்டும் பிடித்திருக்கின்றன. ஆடியிலேயே கட்டிய நான்கு நெருக்கு ஒட்டுகளும் இன்னும் கிளையிலேயே உள்ளன. அவற்றை எப்போது பிரிக்கலாம்? நாடாவை எப்போது அவிழ்க்கலாம்?

மறுமொழி: மாதவரத்திலிருந்து

மிகுந்த மகிழ்ச்சி, சகோதரி. நெருக்கு ஒட்டை ஒரே வெட்டில் பிரித்துவிடாதீர்கள். ஒட்டுக்குக் கீழே தாய்க்கிளையில் இப்போது பாதி ஆழத்துக்கு வெட்டு வையுங்கள். பத்துப் பதினைந்து நாள் கழித்தும் நுனி வாடாமல் இருந்தால் முழுவதும் அறுத்துவிட்டு, ஒட்டுக்கு மேலே நீலத்தின் தலையையும் நீக்குங்கள். மற்றவற்றில் நாடா கார்த்திகை வரை இருக்கட்டும். தண்டு பருத்து நாடா பதியத் தொடங்கினால் மட்டும் முன்னதாகக் கீறிவிடுங்கள். ஒட்டுக்குக் கீழே நீலம் துளிர்விட்டால் அன்றன்றே கிள்ளிவிடுங்கள். விட்டுவிட்டால் அது மேலேறி வெல்லக்கட்டியை அமுக்கிவிடும்.