ஆன்லைனில் ஒரு தாள் நடத்துவது: உங்கள் அனுபவம் என்ன?

இயற்பியல் வாத்தியார்:

வரும் செமஸ்டரில் ஒரு விருப்பப் பாடத்தை முழுக்க ஆன்லைனில் நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, "பதினைந்து வீடியோ எடுத்துப் போட்டால் முடிந்தது சார்" என்கிறார். எனக்கு 2020 கொரோனா காலம் ஞாபகம் வந்துவிட்டது. நடத்தியவர்கள், படித்தவர்கள் எல்லாரும் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். முதலில் என் கதை.

அப்போது மாடி அறையில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டி, புத்தக அடுக்கின் மேல் போனைச் சாய்த்து வைத்து, கல்லூரியில் ஐம்பது நிமிடம் நடத்துவதை அப்படியே கூகுள் மீட்டில் நடத்தினேன். பட்டியலில் 58 பேர். வந்தவர்கள் எல்லாரும் மியூட். "புரியுதா?" என்று கேட்டால் ஒரு கட்டைவிரல் எழும்பும், தினமும் ஒரே பெண்ணுடையது. ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகும் ஏழு பேர் திரையில் மிச்சம் இருந்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். போன்தான் இருந்தது, ஆள் இல்லை.

கோபம்தான் வந்தது. மறுநாள் அந்த ஏழு பேரையும் ஒவ்வொருவராகப் போனில் பிடித்தேன். ஒரு பையன் வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் அப்பாவுடையது. அவர் லோடு ஏற்றப் போனால் திரும்ப இரவு எட்டாகும். அன்று மட்டும் அவர் வீட்டில் இருந்திருக்கிறார். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி, அதில் பிளஸ் டூ படிக்கும் தங்கைக்கும் பங்கு. (அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகள் முதலியவற்றின் மாணவர்கள் 9.69 லட்சம் பேருக்குத் தமிழக அரசு தினம் 2 ஜிபி டேட்டா கார்டு கொடுத்தது 2021 ஜனவரியில்தான்.) மாலை ஆறு மணிக்கு மேல்தான் மற்றவர்களில் பாதிப் பேருக்கும் போன் கைக்கு வரும் என்பது பிறகு தெரிந்தது. நானோ காலை பத்து மணிக்கு அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் நேரலை வகுப்பை வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்து இரவு எட்டரைக்கு மாற்றினேன். மற்றதெல்லாம் ஆறு ஏழு நிமிடத் துண்டுகள். ஆறு நிமிடத்துக்குள் இருக்கும் வீடியோக்களைத்தான் மாணவர்கள் விடாமல் பார்க்கிறார்கள் என்று எட்எக்ஸ் என்ற ஆன்லைன் தளத்தின் பாடங்களில் 69 லட்சம் பார்வைகளை ஆராய்ந்து 2014லேயே எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு நான் செய்யவில்லை, டேட்டா இல்லாததால் செய்தேன். வெட்டும்போதுதான் இன்னொன்று தெரிந்தது. என் ஐம்பது நிமிடத்தில் நான்கு விஷயங்கள்தான் இருந்தன. மீதி? அட்டெண்டன்ஸ், நோட்ஸ் சொல்வது, சொன்னதையே திரும்பச் சொல்வது.

அந்த வருடம் உருப்படியாக நடந்தது ஒன்றே ஒன்றுதான். லேப் இல்லையே என்று ஊசல் சோதனையை வீட்டிலேயே செய்யச் சொன்னேன். ஒரு நூல், ஒரு பூட்டு, போனில் ஸ்டாப்வாட்ச். ஒரு மீட்டர் நீளம் வைத்தால் இருபது அலைவுக்குச் சுமார் நாற்பது விநாடி ஆகும், அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். எனக்கு அனுப்ப வேண்டியது ஒரு படமும் ஒரு எண்ணும் மட்டும். 9.8 என்று எழுதி அனுப்பியவர்களின் பூட்டு படத்தில் ஆடவே இல்லை என்பதைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. மற்றவர்களுக்கு 9.2 முதல் 10.3 வரை வந்தது. திண்டுக்கல் பக்கத்து மாணவி ஒருத்திக்கு 9.3. படத்தைப் பார்த்தால் தாத்தா காலத்து மாங்காய்ப் பூட்டு, அரைச் சாண் இருக்கும். நூலை மட்டும் அளந்திருக்கிறாள், பூட்டின் நடுவரை அளக்கவில்லை. அந்த வாரம் எட்டரை மணி வகுப்பு முழுக்க, உனக்கு ஏன் குறைந்தது, எனக்கு ஏன் கூடியது என்பதுதான். பத்து மணிக்கு நான்தான் போதும் என்று சொல்லி முடித்தேன். அன்றைக்குத்தான் மியூட்டை எடுத்தார்கள்.

கணக்கு மேடம்:

சார், உங்களுக்குப் பூட்டு ஆடவில்லை என்று படத்திலாவது தெரிந்தது. எனக்கு எல்லாரும் பத்துக்குப் பத்து. கூகுள் ஃபார்மில் வாராவாரம் பத்து வினாக்கள் வைத்தேன். அதுவே திருத்திவிடும், நமக்கு வேலை மிச்சம் என்ற நினைப்பு. முதல் ஆள் இருபது நிமிடம் எடுப்பான், அடுத்த அறுபது பேரும் மூன்று நிமிடத்தில் முடிப்பார்கள். வாட்ஸ்அப் குழு எதற்கு இருக்கிறது! இன்டர்னல் முடிந்து செமஸ்டர் வந்தபோது அதே பிள்ளைகளுக்குத் தொகையீட்டில் முதல் படியே தெரியவில்லை.

அப்புறம் இரண்டு மாற்றங்கள் செய்தேன். வினாவில் வரும் எண்களை அவரவர் பதிவெண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களாக வைத்தேன். விடை ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் வழி ஒன்றுதான். அதனால் நண்பனிடம் வழியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அது எனக்குச் சம்மதமே, கேட்டுக் கற்பதும் கற்பதுதானே. இரண்டாவது, ஏதாவது ஒரு படியை மட்டும் 'இதை ஏன் செய்தேன்' என்று ஒரு நிமிடம் பேசி வாய்ஸ் நோட்டாக அனுப்ப வேண்டும். தமிழில் பேசலாம் என்று சொன்ன பிறகுதான் வந்து குவிந்தது. பின்னால் மிக்சி ஓடும், ஆடு கத்தும், "யார்கிட்டடா தனியா பேசிட்டு இருக்க?" என்று ஒரு பாட்டி கேட்பார். ஆனால் யாருக்குப் புரிந்திருக்கிறது, யார் பார்த்துப் படிக்கிறார்கள் என்பது இருபதாவது விநாடியில் தெரிந்துவிடும்.

இதற்கு ஆகும் நேரத்தையும் சொல்லிவிடுகிறேன், யாரும் சொல்வதில்லை. 61 பேர், ஆளுக்கு ஒரு நிமிடம். கேட்க ஒரு மணி நேரம், ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி பதில் எழுத இன்னும் இரண்டு மணி நேரம். எல்லாம் ஞாயிற்றுக்கிழமையில். பணிப்பளு அட்டவணையில் இதற்கு ஒரு கட்டம் கிடையாது. நேரடி வகுப்பு இல்லாததால் எனக்கு வேலை குறைவு என்று கூடுதலாக ஒரு தாளையும் தலையில் கட்டினார்கள்.

அரியர் இல்லாதவன்:

நான் மாணவர் பக்கம். இப்போது வேலையில் இருக்கிறேன். கல்லூரியில் எல்லாரும் ஐஐடிகளின் ஆன்லைன் பாடத் தளமான என்பிடெல்லில் ஒரு பாடமாவது முடிக்க வேண்டும் என்று சொன்னதால் 12 வாரப் பாடம் ஒன்றில் பெயர் கொடுத்தேன். வாராவாரம் அசைன்மென்ட் வரும், புதன் இரவு கடைசி நேரம். செவ்வாய்க்கிழமையே விடைகள் டெலிகிராமில் சுற்றும். பன்னிரண்டில் சிறந்த எட்டைத்தான் எடுப்பார்கள் என்பதால் எட்டு வாரம் டிக் அடித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். ஒரு வீடியோவைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை. அசைன்மென்டுக்கு 25க்கு 24.

தேர்வு மட்டும் நேரில், மையத்துக்குப் போய் எழுத வேண்டும், 75க்கு. அதில் 30 எடுத்தால்தான் சான்றிதழ். நான் எடுத்தது 19. ஆயிரம் ரூபாய் தேர்வுக் கட்டணமும், விடியற்காலையில் பஸ் பிடித்துப் போனதும் வீண்.

அடுத்த முறை 8 வாரப் பாடம் ஒன்று எடுத்தேன். இந்தத் தடவை மூன்று பேர் சேர்ந்து, திங்கள் இரவு விடுதி மாடியில் விடை பார்க்காமல் போட்டுவிட்டு அப்புறம் ஒப்பிட்டுப் பார்ப்போம். மூன்று பேருக்கும் மூன்று விடை வந்தால் அன்றைக்குச் சண்டைதான். வீடியோவை அதன் பிறகுதான் திறப்போம், எங்கே தவறினோம் என்று தேட. அசைன்மென்டில் 18தான், தேர்வில் 58. பாடம் நடத்தியவர் முதல் தடவையும் நன்றாகத்தான் நடத்தியிருப்பார், பாவம், நான் பார்க்கவில்லை.

மேடம், உங்கள் வாய்ஸ் நோட்டு எங்களுக்கு இருந்திருந்தால் முதல் வாரமே மாட்டியிருப்பேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கட கதை வேறு. பல்கலைக்கழகங்களுக்கான லேர்ன் வலையமைப்பு வழியாக சூம் வகுப்புக்கு வந்தால் டேட்டா கழியாத ஏற்பாடு 2020லேயே செய்திருந்தார்கள். ஆகவே நேரலை விரிவுரை எங்களுக்கு ஓரளவுக்குச் சரிவந்தது. மாட்டினது 2022இல். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. நாட்டை ஆங்கில எழுத்துகளால் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு நேரம் வெட்டினார்கள். எனக்கு மின்சாரம் இருக்கும்போது வவுனியாப் பிள்ளைக்கு இராது, அவவுக்கு வரும்போது மட்டக்களப்புப் பிள்ளைக்கு இராது. எல்லாருக்கும் பொதுவான ஒரு மணித்தியாலத்தைத் தேடி அட்டவணையைத் தாளில் கோடு போட்டுப் பார்த்தேன், அகப்படவில்லை. அன்றோடு நேரலையை விட்டேன். வாசிக்க நாலு பக்கம், ஒரு கேள்வி, பதிலுக்கு ஐந்து நாள் தவணை. பதில்கள் முந்தியதை விட நீளமாக வந்தன. இருட்டில் வேறு வேலை இல்லாததும் காரணமாக இருக்கலாம்.

வணிகவியல்:

ஒரு சின்ன விஷயம். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கோடு சேர்த்து 59 செயலிகளைத் தடை செய்தார்களே, அதில் கேம்ஸ்கேனரும் போய்விட்டது. எங்கள் பிள்ளைகளுக்கு பிடிஎஃப் என்றால் அதுதான். செப்டம்பரில் இறுதி செமஸ்டர் தேர்வு, வீட்டில் ஏ4 தாளில் எழுதி ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும். தலைகீழ்ப் படங்கள், பாதி அறுந்த பக்கங்கள், பேலன்ஸ் ஷீட்டின் சொத்துப் பக்கம் ஒரு கோப்பிலும் பொறுப்புப் பக்கம் இன்னொன்றிலும் வந்தன. நன்றாக எழுதிய பெண் ஒருத்தி அனுப்பத் தெரியாமல் அழுதுகொண்டே இரவு பதினொரு மணிக்கு அழைத்தாள். அதற்குப் பிறகு நான் நடத்தும் எந்த ஆன்லைன் தாளிலும் முதல் வாரம் பாடமே கிடையாது. ஒரு பக்கம் கையால் எழுதி, ஸ்கேன் செய்து, பதிவெண்ணைக் கோப்புக்குப் பெயராக வைத்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் என்ன எழுதுவது? போன் யாருடையது, எத்தனை மணிக்கு உன் கையில் இருக்கும்.

இயற்பியல் வாத்தியார்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று உட்கார்ந்து முதல் நான்கு வாரத்துக்குத் திட்டம் போட்டேன். முதல் வாரம் வணிகவியல் சொன்ன ஒரு பக்கம். இரண்டாம் வாரம் பூட்டும் நூலும். மூன்றாம் வாரம் மேடத்தின் பதிவெண் கணக்கும் வாய்ஸ் நோட்டும். நேரலை, பிள்ளைகள் எழுதித் தரும் நேரத்தைப் பார்த்துத்தான். யாழ்ப்பாணத்து நாலு பக்கத்தை நான்காம் வாரத்தில் வைத்திருக்கிறேன்.

தம்பியிடம் காட்டினேன். இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், இதில் வீடியோ எங்கே?" என்றார்.

மேடம், ஒன்று கேட்க வேண்டும். எனக்கு இந்த முறை 71 பேர். வாய்ஸ் நோட்டை வாராவாரம் எல்லாரிடமும் வாங்கினீர்களா, பாதிப் பாதியாக வாங்கினீர்களா?

கணக்கு மேடம்:

முதல் மூன்று வாரம் எல்லாரிடமும், அப்புறம் மூன்றில் ஒரு பங்கு பேரிடம். யாருடைய முறை என்பதைப் புதன்கிழமைதான் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை வேறு எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள் சார்.