மாயா எழுத்த எப்படி படிச்சாங்க?

கேள்வி: மெக்ஸிகோ, குவாத்தமாலா பக்கத்து பழைய மாயா மக்களோட கல்வெட்டுல இருக்கற தலை, கை, மிருகம் எல்லாம் வெறும் படம்னுதான் நெனச்சிருந்தேன், இப்ப அத வாய்விட்டே படிக்கலாமாமே, எப்படிங்க கண்டுபிடிச்சாங்க?

பதில் 1: டியேகோ தெ லாண்டான்னு ஒரு ஸ்பானிஷ் பாதிரியார், 1562ல மானி ஊர்ல மாயா புத்தகங்கள எரிச்ச அதே ஆளு, அப்புறம் அவரே அவங்க எழுத்த ஏபிசி மாதிரி குறிச்சு வச்சார் (கொடுமைய பாருங்க). அது ஏபிசி இல்ல, நம்ம உயிர்மெய் மாதிரி அசை எழுத்துன்னு 1952ல சோவியத்ல யூரி க்னோரோசோவ்ங்கற ஆராய்ச்சியாளர் சொன்னார். மிஞ்சின மாயா புத்தகத்துல வான்கோழி படத்துக்கு மேல கு-ட்சு, நாய்க்கு மேல ட்சு-லு, ரெண்டுலயும் அதே ட்சு! கடைசி உயிர உச்சரிக்க மாட்டாங்க, அதனால குட்ஸ், ட்சுல்.

பதில் 2: அசை மட்டும் இல்லப்பா. ஜாகுவாருக்கு (சிறுத்தை மாதிரி மிருகம்) மாயா மொழில பாலம்னு பேரு, தலைய மட்டும் வரையலாம், இல்ல பா-லா-மான்னும் எழுதலாம், ரெண்டையும் கலக்கவும் செய்யலாம், அதான் தலைவலி.

பதில் 3: தாத்தியானா ப்ரொஸ்கூரியாகோஃப்ங்கற ஆராய்ச்சியாளர விட்டுட்டீங்களே! பியெத்ராஸ் நெக்ராஸ்ங்கற பழைய மாயா நகரத்து கல்லுல இருக்கறது ராஜாங்க பிறந்த தேதி, பட்டத்துக்கு வந்த தேதின்னு 1960ல காட்டினாங்க. அதுவரைக்கும் எரிக் தாம்சன் மாதிரி பெரிய மாயா ஆராய்ச்சியாளருங்க வெறும் ஜோசியம், காலண்டர்னே சொல்லிட்டிருந்தாங்க.

கேள்வி கேட்டவர்: ட்சு மேட்டர் சூப்பர்ங்க, இப்பதான் புரியுது