"அந்தக் கம்பியை எழுந்திருக்கச் சொல்லுங்க": நடைபாதையில் நேர்ந்தவை

தெற்குத்தெருவாசி

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டாவது ஆண்டு நடக்கிறது. இயன்முறை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் வழி எங்கள் கடைத்தெருதான். புதிதாகக் கல் பாவி, வண்டிகள் ஏறாமலிருக்க எவர்சில்வர் கம்பங்களை நட்டிருக்கும் அந்த மாதிரி நடைபாதையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

சென்ற கார்த்திகையில் ஒரு மாலை அம்மாவின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, கம்பங்களுக்கு முன்னால் ஒரு பூக்கார அம்மா பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். "நடக்கிற இடத்தில் கடை போட்டால் நாங்கள் எங்கே போவது?" என்று நான் குரலை உயர்த்தினேன். அவர் பதில் பேசவில்லை. தொடுத்துக்கொண்டிருந்த சரத்தின் நார் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஈரத்துணி போர்த்திய கூடையை ஒரு கையிலும் பலகையை மறு கையிலும் தூக்கிக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றார். நான் தள்ளினேன், நாற்காலி இரண்டு கம்பங்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. பின்னுக்கு இழுத்துச் சற்றே சாய்த்து மறுபடியும் தள்ளியும் போகவில்லை. அப்போதுதான் அவர் வாயிலிருந்த நாரை எடுத்துவிட்டுச் சொன்னார்: "என்னை எழுந்திருக்கச் சொன்னீங்க, எழுந்துட்டேன். அந்தக் கம்பியை எழுந்திருக்கச் சொல்லுங்க பார்ப்போம்."

பிறகு அவரே முன்பக்கம் பிடித்து நாற்காலியைச் சாலையில் இறக்க உதவினார். நான்கு மாதங்கள் ஆகின்றன. என் கண்ணுக்கு முதலில் அந்தக் கம்பிகள் தெரியாமல், அவர் ஏன் தெரிந்தார் என்பது இன்னும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

தள்ளுவண்டி வீட்டுப் பெண்

தெற்குத்தெருவாசி அவர்களே, உங்கள் அம்மா நலம் பெற வேண்டும். ஆனால் "நடக்கிற இடத்தில் கடை" என்று நீங்கள் சொன்ன அந்தச் சொற்களைக் கேட்டே வளர்ந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

என் அம்மா எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருபது ஆண்டுகளாகக் காய்கறி விற்கிறார். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் காலை தெருக்கடைகளை அகற்றும் லாரி வந்தது. ஒரு வாடிக்கையாளருக்காகத் தக்காளி நிறுத்துக்கொண்டிருந்த மின்தராசைத் தட்டோடும் தக்காளியோடும் அப்படியே தூக்கி லாரியில் வைத்தார்கள். லாரி கிளம்பியபோது தராசின் சிவப்பு எண்கள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்த எடை கூடியும் குறைந்தும் மாறிக்கொண்டே போனதை நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டு நின்றோம். தராசு பதினோராம் நாள் திரும்பி வந்தது, தக்காளி வரவில்லை.

பிற்பாடு சட்டத்தைப் படித்தேன். பொருளைப் பறித்தால் பட்டியல் எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டும் என்றும், அழுகும் பொருளை உரிமை கோரிய அன்றைக்கே, மற்றவற்றை இரண்டு வேலை நாள்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் சொல்கிறது. வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் வழங்கி முடியும்வரை எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்பதும், தெரு வியாபாரத்தை முறைப்படுத்தும் நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேராவது வியாபாரிகளே இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் உள்ளன. இவற்றில் ஒரு வரியையாவது அன்றைக்கு எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் சொன்னது, பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில். தடையற்ற நடைபாதையும் உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று அதே நீதிமன்றம் 2025 மே மாதத்தில் சொன்னது. இரண்டுமே அரசமைப்பின் 21-ஆம் பிரிவுதான். உங்கள் அம்மாவும் என் அம்மாவும் ஒரே பிரிவின் மேல்தான் நிற்கிறார்கள், ஐயா.

ஓய்வுபெற்ற பொறியாளர்

மூடி சரியாகப் பொருந்தாத வடிகால் பலகையில் கால் தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தவன் நான். அது ஒன்றுதான் என் அனுபவம். பயன்படக்கூடிய சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

நடைபாதையில் எந்தத் தடையும் இல்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்பதும், சாலையிலிருந்து நடைபாதையின் உயரம் 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பதும், சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைப் பேராயத்தின் நெறிமுறை. அந்த 15 செ.மீ. உயரத்தை ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்ற சரிவில் இறக்கினால் சாய்தளத்துக்கே 1.8 மீட்டர் நீளம் தேவைப்படும். இதற்கு இடம் ஒதுக்காமல் முனையில் ஒரு கைப்பிடி சிமெண்டை அப்பிவிட்டுச் சாய்தளம் என்பார்கள். அதில் நாற்காலியைத் தள்ளினால் முன்சக்கரம் குத்தி நிற்கும். கம்பங்களின் இடைவெளியை நாடாவால் அளந்து, புகைப்படத்துடன், உள்ளாட்சி அலுவலகத்துக்கு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். அளவு இல்லாத புகாரை யாரும் மதிப்பதில்லை. பூக்காரர்களைப் பற்றி எழுதாதீர்கள். எழுதினால் கம்பி இருக்கும், பூக்காரர் போய்விடுவார்.

இன்னொன்று. வீட்டு வாசல்களிலிருந்து நடைபாதையின் மேல் நீளும் சாய்தளங்களைப் பலரும் திட்டுகிறார்கள். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தாரை ஊற்றினால் ஒவ்வொரு முறையும் சாலை சில அங்குலம் உயரும். மழைநீர் வீட்டுக்குள் புகும். வீட்டுக்காரர் தரையை உயர்த்துவார். உயர்த்திய தரைக்கு ஏற வாசலில் நீண்ட சரிவு கட்டுவார். சாலை போட்ட விதத்தில் தொடங்கிய தவறு நடப்பவர் காலில் வந்து முடிகிறது. ஆகவே உங்கள் தெருவில் சாலை போட வரும்போதே, சுரண்டிவிட்டுப் போடுகிறார்களா என்று நின்று பாருங்கள். இரவில்தான் போடுவார்கள், விழித்திருக்க வேண்டும்.

வெண்கோல்

பொறியாளர் ஐயா அளவுகளைச் சொன்னார். எனக்குப் பார்வை இல்லை. என் பாதம்தான் அளவு. நடைபாதையில் பதிக்கும் மஞ்சள் ஓடுகள் 1967-இல் ஜப்பானின் ஒகயாமா நகரில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டவை. நீளக் கோடுகள் இருந்தால் நேராகப் போகலாம், புள்ளிகள் வந்தால் நிற்க வேண்டும் என்பது அவற்றின் மொழி. அலுவலகம் போகும் வழியில் அப்படி ஓடுகள் பதித்தபோது நான் எவ்வளவு மகிழ்ந்தேன் என்று எழுத்தில் சொல்ல இயலாது.

மூன்றாம் நாள், கோடுகளை நம்பிக் கோலை முன்னே விட்டு நடந்தேன். கோல் எதிலும் படவில்லை. ஓடுகளின் மேல் நிறுத்தியிருந்த பைக்கின் அடியில், இரு சக்கரங்களுக்கு நடுவே நுழைந்திருக்கிறது. அடுத்த அடியில் வலது கெண்டைக்கால் சைலன்சரில் பட்டது. அப்போதுதான் நிறுத்தியிருக்கிறார்கள்; தோல் ஒட்டிக்கொண்டது. எனக்குக் கிடைத்தவை கோடுகள், அதாவது "நேராக வா" என்று அழைத்த ஓடுகள். தழும்பு இருக்கிறது. அது பெரிதில்லை. அந்த ஓடுகளை அதன் பிறகு நான் நம்பவில்லை, சுவரைத் தொட்டுக்கொண்டே போகிறேன் என்பதுதான் வருத்தம்.

மாலைநேர ஓட்டுநர்

வெண்கோல் ஐயா, நான் உணவு விநியோகம் செய்கிறேன். உங்கள் பதிவைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒரு மழை மாலையில் சாலை அடைத்துக்கொண்டதால் நடைபாதையில் ஏற்றினேன். எதிரே ஒரு பெரியவர் வந்தார். ஒலிப்பானை அடித்தேன், விலகவில்லை. விரித்திருந்த குடையை மடக்கி, அதன் முனையை என் முன்சக்கரத்துக்கு நேராகத் தரையில் ஊன்றி, மழையில் நனைந்தபடியே நின்றார். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவருடைய கண்ணாடியில் நீர் வழிந்தது, துடைக்கவும் இல்லை. கடைசியில் நான்தான் வண்டியைப் பின்னுக்குத் தள்ளி இறங்கினேன்.

தாமதமானால் எங்களுக்கு என்ன ஆகும் என்பதும் உண்மைதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பொறியாளர் ஐயா சொல்வதுபோல் அளவு ஒன்றே தீர்வு என்பதை ஏற்க மாட்டேன். எங்கள் பகுதியில் இரண்டு மீட்டருக்கும் மேல் அகலமான நடைபாதையில்தான் நான் ஏற்றினேன். அகலம் கூடினால் எங்களைப் போன்றவர்கள் ஏறுவதும் கூடும். அதைத் தடுக்கத்தான் தெற்குத்தெருவாசியின் கம்பிகளே வந்தன. அவருடைய அம்மாவின் வழியை அடைத்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது.

தெற்குத்தெருவாசி

நேற்று நாடாவுடன் போனேன். கம்பங்களுக்கு நடுவே 62 செ.மீ.; அம்மாவின் நாற்காலி கைவளையத்தோடு சேர்த்து 66. நான் குனிந்து அளந்தபோது நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டது அந்தப் பூக்கார அம்மாதான். எண்ணை இரண்டு முறை சொல்லச் சொன்னார். தள்ளுவண்டி வீட்டுப் பெண் எழுதியதைச் சொல்லிக் கணக்கெடுப்பு நடந்ததா என்று கேட்டேன். கூடையின் அடியிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ரசீது ஒன்றை எடுத்துக் காட்டினார். பெயர் எழுதிக்கொண்டு போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றனவாம். அடையாள அட்டை இன்னும் வரவில்லை.

அதனால் இரண்டு கடிதங்கள் எழுதியிருக்கிறேன். நாளை காலை தபால் நிலையம் திறந்ததும் அனுப்புகிறேன். கம்பி பற்றிய கடிதத்தில் அவரும் கையொப்பம் இடுவதாகச் சொல்லியிருக்கிறார்.