வங்கதேச வங்கிக் கொள்ளை: ஒப்பந்தம் இருந்திருந்தால் பணம் தப்பியிருக்குமா?

கணக்கர்:
2016 பிப்ரவரி 4, வியாழன் இரவு. வங்கதேச மத்திய வங்கியின் கணினிக்குள் புகுந்தவர்கள், நியூயார்க் ஃபெடரல் ரிசர்வில் (அமெரிக்க மத்திய வங்கியின் நியூயார்க் பிரிவு) அதற்கிருந்த கணக்கிலிருந்து கிட்டத்தட்ட 95 கோடி டாலரை மாற்றச் சொல்லி வங்கிகளுக்கு இடையேயான ஸ்விஃப்ட் செய்தி வலையமைப்பு வழியாக 35 உத்தரவுகள் அனுப்பினார்கள். டாக்காவில் வெள்ளி விடுமுறை, நியூயார்க்கில் சனி ஞாயிறு, மணிலாவில் திங்கள் சீனப் புத்தாண்டு. 8.1 கோடி டாலர் மணிலாவுக்குப் போய்விட்டது. திருடனுக்கு எல்லா நாடும் ஒன்று, போலீசுக்கு மட்டும் எல்லை. இணையக் குற்றங்களுக்கான 2001 புடாபெஸ்ட் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் 24 மணி நேரமும் ஒன்றையொன்று கூப்பிடலாம். இந்தியா சேராமலிருப்பது பெரிய தவறு.

நெய்தல்:
அதே கதையை முழுசாகச் சொல்லுங்கள். பணத்தை நிறுத்தச் சொன்ன செய்தி செவ்வாயன்று மணிலா வங்கியின் கையில் இருந்தது. அன்றைக்கே பெரும்பகுதியை எடுத்துச் சூதாட்ட விடுதிகளுக்குக் கொண்டுபோனார்கள். அப்போது பிலிப்பைன்ஸின் பணமோசடித் தடுப்புச் சட்டம் சூதாட்ட விடுதிகளைத் தொடவில்லை, 2017இல்தான் திருத்தினார்கள். ஓட்டை உள்ளூர்ச் சட்டத்தில்.

கணக்கர்:
இலங்கைக்குப் போன 2 கோடி டாலர் திரும்பியதே? 2015லேயே இலங்கை புடாபெஸ்டில் சேர்ந்த நாடு.

நெய்தல்:
அதைக் காப்பாற்றியது ஒப்பந்தம் இல்லைங்க. அந்த உத்தரவில் 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லில் எழுத்துப்பிழை இருந்தது. இடையிலிருந்த வங்கி அதைப் பார்த்துவிட்டு விளக்கம் கேட்டது. அவ்வளவுதான்.

கணக்கர்:
சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுத்த திருடன் எழுத்துப்பிழை விடுவான் என்று நம்பி உட்கார முடியுமா?

வைகைக்கரை:
போன வருஷம் என் சித்தப்பாவை வீடியோ அழைப்பில் மிரட்டி ஓய்வூதியப் பணத்தைப் பறித்தார்கள். இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கு உடனே கூப்பிட்டோம். உள்ளூர்க் கணக்கில் நின்ற தொகை முடக்கப்பட்டது. மீதி கிரிப்டோவாக மாறி நாடு தாண்டிவிட்டது. அதற்கு டெல்லி வழியாகக் கடிதம் போகவேண்டும் என்றார்கள். சித்தப்பா இன்னும் பாஸ்புக்கைத் தலையணைக்கடியில் வைத்துத்தான் தூங்குகிறார். அவருக்கு எந்த ஒப்பந்தம் என்பதெல்லாம் முக்கியமில்லை.

நெய்தல்:
கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. கணக்கை முடக்குவதில் வேகம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் 2024 டிசம்பர் 24 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற இணையக் குற்ற ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். நான்காண்டோ அதற்கு மேலோ சிறைக்குரிய எந்தக் குற்றத்துக்கும் மின்னணு ஆதாரம் கேட்கலாம். அரசை விமர்சிப்பதையே அப்படிப்பட்ட குற்றமாக வைத்திருக்கும் நாடும் கேட்கும். அப்படி விமர்சித்த பத்திரிகையாளரின் மின்னஞ்சலையும் கொடுத்துவிடலாமா?

கணக்கர்:
கூடாது. மறுக்கும் உரிமை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அதை உறுதியாகப் பயன்படுத்த வேண்டும்.

நெய்தல்:
மறுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது யார்? நீதிமன்றம் என்றால் நானும் உங்கள் பக்கம். அமைச்சக அதிகாரி என்றால் இல்லை.

வைகைக்கரை:
நீதிமன்றமே பார்க்கட்டும். ஆனால் பணத்தை முதல் மணி நேரத்தில் நிறுத்திவிட்டு அப்புறம் பார்க்கட்டும்.