புதுப்பிப்பு: ஏணி முட்டியும் பின்கண்ணாடி பிழைத்தது

குளிர்சாதனம் பொருத்தும் வேலைக்கு ஹைலக்ஸ் பிக்கப் வண்டியில் ஏணியும் செப்புக் குழாய்களும் ஏற்றிப் போகிறேன். பிரேக் அடித்தால் அவை முன்னே வழுக்கி ஓட்டுநர் அறையின் பின்கண்ணாடியை முட்டுகின்றன, என்ன செய்யலாம் என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். ஒரு கண்ணாடி அப்போதே போயிருந்தது. இருக்கை முழுக்கக் கற்கண்டு கொட்டியது போல. பதப்படுத்திய கண்ணாடி உள்ளங்கை அறையைத் தாங்கும், கூர்முனை ஓரிடத்தில் பட்டால் மொத்தமாக நொறுங்கும்.

பழைய மெத்தையை வைக்கச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. பட்டர்வொர்த்தில் பெய்த ஒரே மழையில் அது குளித்தெழுந்த எருமையாகிவிட்டது.

இப்போது 12 மி.மீ. ஒட்டுப்பலகையைக் கண்ணாடியிலிருந்து நான்கு விரல் தள்ளி நிறுத்தி, ஏணி மோதும் உயரத்தில் பழைய டயர் டியூபை வெட்டி அடித்திருக்கிறேன். பின்னால் பார்ப்பதற்கு நடுவில் ஒரு திறப்பு. "அதற்குள் குழாய் நுழையாதா?" என்று மனைவி கேட்ட பிறகுதான் கம்பிவலை வைத்தேன்!

பலகையைவிடக் கயிறு முக்கியம். ஏணியின் படியிலிருந்து வால்கதவுப் பக்கத்துக் கொக்கிக்குப் பின்னோக்கி இழுத்துக் கட்ட வேண்டும். மேலே குறுக்காகக் கட்டுவது மட்டும் போதாது.

நேற்று 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தில், பிறை ஊர்ப் பக்கம் இறங்கும் முன், ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே வந்தது. அழுத்திப் பிரேக் பிடித்தேன். பின்னால் 'டொக்' என்று ஒரே சத்தம். டியூபில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பள்ளம், அவ்வளவுதான்.