வளர்ச்சித் திட்டத்தின் மறுஆய்வுக்கு 2034 வரை காத்திருக்கத்தான் வேண்டுமா?

கேள்வி (செம்பூர்வாசி):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பை அடுத்துள்ள, தனியாருக்குச் சொந்தமான காலி மனை ஒன்று, மும்பை மாநகராட்சியின் வளர்ச்சித் திட்டத்தில் விளையாட்டு மைதானத்துக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. வரைபடத்தில் பச்சை நிறம் இருக்கிறதே தவிர, பிள்ளைகள் இன்னும் வாகன நிறுத்துமிடத்தில்தான் விளையாடுகிறார்கள். சங்கக் கூட்டத்தில் இதை எழுப்பியபோது, 2034-இல் அடுத்த திட்டம் வரும்வரை எதையும் கேட்க இயலாது என்றார்கள். இடைக்கால மறுஆய்வுக்குச் சட்டத்தில் உண்மையிலேயே இடமில்லையா?

பதில் (மாட்டுங்கா, ஓய்வுபெற்ற நகரமைப்புப் பணியாளர்):
இடம் இருக்கிறது. மகாராஷ்டிர மண்டல, நகரமைப்புச் சட்டம் 1966-இன் 38-ஆம் பிரிவு, திட்டத்தை இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் திருத்த வேண்டும் என்கிறது; அது வெளி எல்லைதானே ஒழிய, அதற்கு முன் தொடக்கூடாது என்ற தடை அன்று. முழுமையாகவோ பகுதி பகுதியாகவோ திருத்தலாம் என்றும், மாநில அரசு உத்தரவிட்டால் எப்போது வேண்டுமானாலும் திருத்தியாக வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. சிறு மாற்றங்களுக்கு 37-ஆம் பிரிவு உண்டு. அதன்கீழ் பொதுமக்களின் ஆட்சேபங்களைக் கேட்டாக வேண்டும்.

ஆனால் உங்கள் மனைக்கு 127-ஆம் பிரிவுதான் முக்கியம். திட்டம் நடைமுறைக்கு வந்து பத்து ஆண்டுகளுக்குள் நிலத்தைக் கையகப்படுத்த மாநகராட்சி நடவடிக்கை எடுக்காவிட்டால், உரிமையாளர் மாநகராட்சிக்கு அறிவிப்பு கொடுக்கலாம். அதன்பின் 24 மாதங்களும் வீணாகக் கழிந்தால் ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். இன்றைய திட்டம் 2018 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருப்பதால், அதில் புதிதாக ஒதுக்கப்பட்ட மனைகளுக்கு அந்தப் பத்தாண்டு 2028-இல் முடிகிறது. ஆகவே 2034 வரை காத்திருப்பது என்பது மைதானத்தைக் கைவிடுவதற்குச் சமம். ஒதுக்கப்பட்டவற்றுள் எவை கைக்கு வந்தன, எவை வரவில்லை, வராதவற்றுக்கு எந்த ஆண்டு பணம் வைக்கப்படும் என்று கணக்கெடுப்பதே மறுஆய்வின் உயிர். ஒன்றிய அரசின் 2014-ஆம் ஆண்டு நகரமைப்பு வழிகாட்டுதல்களும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யுமாறு பரிந்துரைக்கின்றன.

பதில் (முலுண்ட்):
ஐயா சொல்வதோடு முழுவதும் உடன்படுகிறேன்; ஆனால் அவசரத் திருத்தத்தின் விலையையும் நாம் மறக்கக்கூடாது. இன்றைய திட்டத்துக்காக 2015 பிப்ரவரியில் வெளியான முதல் வரைவில், நிற்கும் கட்டடங்களின் மீது சாலை போவதுபோன்ற பிழைகள் மலிந்திருந்ததால் ஏப்ரலிலேயே அதைத் திருத்தி எழுத உத்தரவிட நேர்ந்தது. மறுவரைவு 2016 மே மாதம்தான் வந்தது. நில அளவையும் பயன்பாட்டு வரைபடமும் தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டுவந்தால் இந்த நிலை ஏற்படாது. இருபதாண்டு உறங்கிவிட்டு ஒரே மூச்சில் நகரத்தையே அளக்க முனைவதுதான் பிழைகளுக்குத் தாய்.

பதில் (தாராவி):
எங்கள் நிலை வேறு. தாராவிக்குத் தனித் திட்டமிடல் அதிகார அமைப்பு இருப்பதால், மாநகராட்சியின் திட்டத்தை மறுஆய்வு செய்தாலும் எங்கள் பள்ளி, மைதானம், மருந்தகம் ஆகியவை அந்தக் கணக்கில் வந்துசேர்வதில்லை. மறுஆய்வு கோருவோர், தனி அமைப்புகளின் எல்லைக்குள் இருப்பவற்றையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். சயனில் இருப்பவரும் எங்கள் பக்கத்து மைதானத்தில்தானே விளையாட வருகிறார்!

பதில் (மாட்டுங்கா):
தாராவி நண்பர் சொல்வது நியாயம். ஒரே மனுவில் இரண்டையும் கேட்கலாம்.

செம்பூர் நண்பருக்கு: முதலில் அந்த மனைக்குரிய டி.பி. ரிமார்க்கை, அதாவது வளர்ச்சித் திட்டத்தில் அது எதற்கென ஒதுக்கப்பட்டுள்ளது என்று காட்டும் குறிப்பை, மாநகராட்சியில் பெறுங்கள். ஒதுக்கீடு பழைய திட்டத்திலிருந்து தொடர்வதா, 2018-இல் புதிதாக வந்ததா என்று பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழையதென்றால் காலக்கணக்கை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுவது நல்லது. உரிமையாளர் 127-இன்கீழ் அறிவிப்பு கொடுத்திருக்கிறாரா, கையகப்படுத்தல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற இரண்டையும் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். மாநகராட்சியின் வரவு செலவுத் திட்டம் வழக்கமாகப் பிப்ரவரியில் தாக்கலாவதால், நிதி கோரும் மனு அதற்குச் சில மாதங்கள் முன்பே வார்டு அலுவலகத்தைச் சேர்ந்திருக்க வேண்டும்.

செம்பூர்வாசி:
மிக்க நன்றி, ஐயா. டி.பி. ரிமார்க்குக்கு இந்த வாரமே விண்ணப்பிக்கிறோம். மனுவின் வரைவை இங்கேயே பதிவிடுகிறேன். தாராவிக்கான பத்தியை அங்குள்ள நண்பரே எழுதித் தந்தால் அப்படியே சேர்த்துக்கொள்கிறோம்.